நினைவகத்தை விரட்டலாமா?

தமிழக அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது 2011-இல். அதன்பின் கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சிற்றூர் வீடுகளிலும் கணிப்பொறி நுழைந்தது. கையில் பொறி வந்ததும், "இதை இன்னும் வேகமாக ஓட்ட முடியாதா?" என்ற ஆசையும் வந்துவிடுகிறது. நல்ல ஆசைதான். அதற்குச் சொல்லப்படும் வழிகளுள் ஒன்று, 'ராம்' என்னும் நினைவகத்தைக் குறித்த அளவுக்கு மேல் விரைவாகத் துடிக்க வைப்பது. இதை 'ஓவர்கிளாக்கிங்' என்பார்கள். பெரும்பாலான மடிக்கணினிகள் இதற்கு இடம் தருவதில்லை; மேசைக் கணிப்பொறிகள் பலவற்றில் செய்யலாம். செய்யாதீர்கள் என்று நான் தடுக்கமாட்டேன். சோதிக்காமல் செய்யாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

நினைவகத்துக்குள் என்ன இருக்கிறது? ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு நுண்ணிய மின்தேக்கி. அதைத் திறந்து மூட ஒரு டிரான்சிஸ்டர். ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு இந்த அமைப்புக்கு 1968-இல் காப்புரிமை பெற்றார். மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆனால் இது ஓட்டைக் குடம். மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். டி.டி.ஆர்.4 வகையில் 64 மில்லி விநாடிக்குள் எல்லா வரிசைகளையும் படித்து மறுபடி நிரப்பியாக வேண்டும். சூடு ஏறினால் கசிவும் ஏறும். சில்லு 85 டிகிரி செல்சியசைத் தாண்டினால் இருமடங்கு அடிக்கடி நிரப்ப வேண்டும்.

துடிப்பை விரைவுபடுத்தினால், அந்தச் சிறு மின்னூட்டத்தை உணரக் கிடைக்கும் நேரம் குறைகிறது. ஈடுகட்ட மின்னழுத்தத்தை 1.2 வோல்ட்டிலிருந்து 1.35-க்கு உயர்த்துவது வழக்கம். திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் அல்லவா? கணக்குப் போடுங்கள்: வேகத்தை மாற்றாமலே ஏறத்தாழ 27 விழுக்காடு கூடுதல் வெப்பம்!

பலன் என்ன? 2400 எனக் குறித்த ராம் உண்மையில் 1200 மெகாஹெர்ட்ஸில் துடிக்கிறது. கேட்ட தரவு வர 12 துடிப்புகள் காத்திருந்தால், 10 நானோ விநாடி. 3200 ராம் 16 துடிப்புகள் காத்திருந்தால்? அதுவும் 10 நானோ விநாடிதான்! கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குக் கூடுதல் பேருந்துகள் விட்டால் மணிக்கு அதிகம் பேர் மலையேறலாம். ஆனால் வளைவுகளில் ஊர்ந்து ஏறும் ஒருவருடைய பயண நேரம் குறையாது. அப்படித்தான் இதுவும். பெரிய படக்கோப்புகளைக் கையாள்பவருக்கு உதவும். கட்டுரை தட்டச்சு செய்பவருக்கு வேறுபாடே தெரியாது. கடைக்காரர் அட்டையில் காட்டும் பெரிய எண்ணைக் கண்டு மயங்குவோர் இந்த வகுத்தலைச் செய்து பார்ப்பதில்லை.

பொறி நின்றுபோனால்கூடப் பரவாயில்லை, தவறு தெரிந்துவிடும். ஓசையில்லாமல் ஒரு பிட் புரள்வதுதான் ஆபத்து. 35 என்ற மதிப்பெண் இரும எண்ணில் 100011. முதலில் உள்ள 1 மட்டும் 0 ஆனால், தேறிய மாணவர் 3 மதிப்பெண் பெற்றவராகிவிடுவார்! 2003-இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக்கில் நடந்த மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் மிகுதியாக விழுந்தன. 4096 என்பது 2-இன் 12-ஆம் அடுக்கு. ஒரே ஒரு பிட் புரண்டிருக்கிறது. அங்கே யாரும் நினைவகத்தை விரட்டவில்லை. விழக்கூடிய வாக்குகளைவிட எண்ணிக்கை மிகுந்ததால்தான் பிழை அகப்பட்டது. சில வாக்குகள் மட்டும் கூடியிருந்தால் யார் கவனித்திருப்பார்கள்?

எனவே முயல விரும்பினால், தேர்வுக் குறிப்புகளும் குடும்பப் படங்களும் உள்ள பொறியைத் தொடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மெம்டெஸ்ட்86 போன்ற சோதனை நிரலை இரவு முழுதும் ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் பழைய அளவுக்குத் திரும்புங்கள். மார்கழிக் குளிரில் வெள்ளிமலையில் தேறிய அமைப்பு, கத்திரி வெயிலில் கள்ளக்குறிச்சித் தகரக் கூரையின்கீழ் தவறலாம். இரண்டு இடத்திலும் ஓட்டிப் பார்த்து, அறையின் வெப்பநிலையையும் பிழைகளின் எண்ணிக்கையையும் ஒரே நோட்டில் எழுதி வையுங்கள்.