பழி பரம்பரை மீது! தண்ணீரைப் பறித்தது யார்?

“எங்க அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வந்துவிட்டது. பரம்பரை வியாதி, என்ன செய்வது?” சர்க்கரை வியாதி கண்ட உழைப்பாளி பெரும்பாலும் சொல்லும் பேச்சு இது. மில் கேட்டிலும் கேட்கிறோம், வயல் வரப்பிலும் கேட்கிறோம். முன்பு தலையெழுத்து என்றார்கள். இப்போது அதற்கு ஒரு விஞ்ஞானப் பெயர் கிடைத்திருக்கிறது: மரபணு! தலையில் எழுதியிருந்தது ரத்தத்தில் எழுதியதாக மாறிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பேச்சு உண்மையா, பொய்யா? அமெரிக்காவில் நடந்த ஒரு வரலாற்றைச் சொல்கிறோம். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள், தோழர்களே!

ஜேம்ஸ் நீல் என்பவர் அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையின் மரபியல் விஞ்ஞானி. லேசுப்பட்டவர் அல்ல. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அமெரிக்கா அணுகுண்டு வீசிய பிறகு, உயிர் தப்பியவர்களின் குழந்தைகளுக்கு என்ன தீங்கு நேர்ந்தது என்று ஆராய்ந்தவர். 1962-இல் அவர் சர்க்கரை வியாதியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அவர் எழுப்பிய கேள்வி எளிமையானது. இந்த வியாதி ஆளைக் கொல்லக் கூடியது. அப்படியானால் இதற்கு இடம் கொடுக்கும் மரபணு தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து அழிந்திருக்க வேண்டுமே! ஏன் அழியவில்லை?

அவர் சொன்ன பதில் இது: ஆதி மனிதனுக்கு ஒரு நாள் வேட்டை கிடைக்கும், பல நாள் பட்டினி. கிடைத்த நாளில் தின்றதைக் கொழுப்பாகச் சேர்த்து வைக்கும் உடம்புதான் பஞ்சத்தில் தாக்குப்பிடிக்கும். அந்தச் ‘சிக்கன’ மரபணு அன்று அவனுக்கு அரண். பஞ்சம் போய், நாள் தவறாமல் தீனியும் உட்கார்ந்த வாழ்க்கையும் வந்ததும் அதே மரபணு எமனாகிறது. ‘முன்னேற்றம்’ இதைக் கேடாக்கிவிட்டதா என்று கட்டுரையின் தலைப்பிலேயே அவர் கேட்டார்.

இது யூகம். நிரூபணமான உண்மை அல்ல. ஆனால் யூகத்துக்கு உதாரணம் தேடியவர்களுக்கு ஒரு மக்கள் கூட்டம் கிடைத்தது. அவர்கள்தான் அரிசோனா மாகாணத்துப் பீமா இந்தியர்கள். அமெரிக்க மண்ணின் பூர்வகுடிகள். 1965-இல் அமெரிக்க சர்க்காரின் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தார் அவர்களிடம் ஆராய்ச்சி தொடங்கினார்கள். 1971-இல் முடிவு வெளியாயிற்று. 35 வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி! உலகில் வேறெங்கும் இப்படிக் கண்டதில்லை.

உடனே பேச்சு கிளம்பியது: “பீமாக்களின் ரத்தமே அப்படி. பஞ்சத்துக்கென்றே பிறந்த இனம். நல்ல சாப்பாடு அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.”

எவ்வளவு சௌகரியமான விளக்கம்! ரத்தத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் வேறு யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. நாம் விசாரிப்போம்.

இந்த மக்கள் தம்மை எந்தப் பெயரால் அழைத்துக்கொள்கிறார்கள் தெரியுமா? ‘ஆற்று மக்கள்’ என்று! கிலா என்னும் ஆற்றங்கரையில் வாய்க்கால் பாய்ச்சி விவசாயம் செய்து வாழ்ந்தவர்கள். அந்தப் பாலைவனச் சீமையில் அவர்களுடைய முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாய்க்கால் வெட்டியவர்கள். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி, பருத்தி விளைவித்தார்கள். பிற்பாடு கோதுமையும் பயிரிட்டார்கள். 1850-களில் கலிபோர்னியா போகும் வழிப்போக்கர்களுக்கும், பிறகு அமெரிக்கப் பட்டாளத்துக்கும் கோதுமை விற்றவர்கள் இவர்கள்தான். பஞ்சத்துக்குப் பிறந்த இனமா இது? ஊருக்குச் சோறு போட்ட இனம்!

பிறகு என்ன நடந்தது? 1860-களின் இறுதியிலிருந்து ஆற்றின் மேல்புறத்தில் வெள்ளைக் குடியேற்றக்காரர்கள் வந்து இறங்கினார்கள். வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பினார்கள். கீழே இருந்த பீமாக்களின் ஆறு வறண்டது. மேலே மறித்துக்கொண்டால் கீழே என்னாகும் என்று காவிரிக் கடைமடையில் நிற்கும் விவசாயத் தொழிலாளிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

வயல் தரிசாயிற்று. ஏறத்தாழ 40 ஆண்டுகள் பட்டினிக் காலம். விளைவித்து விற்றவர்கள், மெஸ்கீட் என்னும் மரத்தை வெட்டி விறகு விற்றுப் பிழைத்தார்கள். நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் உறவு அந்த மரம். 1930-இல் கிலா ஆற்றின் குறுக்கே கூலிட்ஜ் அணை திறந்தார்கள். அந்தத் தண்ணீரிலும் வெள்ளை விவசாயிகளுக்குப் பங்கு போயிற்று. பீமாக்களுக்குப் போதிய நீர் வரவில்லை. தண்ணீருக்குப் பதில் சர்க்கார் என்ன கொடுத்தது? வெள்ளை மாவு, பன்றிக் கொழுப்பு, சர்க்கரை, டப்பா உணவு! உழுது உண்டவனை, ரேஷன் மூட்டைக்குக் காத்திருப்பவனாக்கினார்கள். வேலையும் போயிற்று, விளைந்த உணவும் போயிற்று.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மக்களிடம் சர்க்கரை வியாதி அபூர்வம். பிரபல நீரிழிவு வைத்தியர் ஜாஸ்லின் அரிசோனா இந்தியர்களை ஆராய்ந்துவிட்டு 1940-இல் எழுதியது என்ன? மற்ற அமெரிக்கர்களைவிட அவர்களிடம் இந்த வியாதி அதிகமில்லை என்பதுதான்! 1940-இல் மற்றவர்களைப் போல. 1971-இல் பாதிப் பேர். முப்பது ஆண்டுகளில் ஒரு இனத்தின் மரபணு மாறிவிடுமா? மாறாது. மாறியது வாழ்க்கை.

இன்னொரு சாட்சியும் உண்டு. எல்லைக்கு அப்பால் மெக்சிகோ நாட்டில், மைகோபா என்ற மலைப் பிரதேசத்தில் பீமாக்களின் ரத்த உறவினர்களே வாழ்கிறார்கள். ஆராய்ச்சி நடந்த நாளில் அவர்கள் மக்காச்சோளமும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் தின்று, கையாலும் காலாலும் உழைத்து வாழ்ந்தவர்கள். 2006-இல் வெளியான ஆராய்ச்சி சொல்வதைக் கேளுங்கள்: அரிசோனாப் பீமாக்களில் 100-க்கு 38 பேருக்குச் சர்க்கரை வியாதி, மெக்சிகோப் பீமாக்களில் 100-க்கு 7 பேருக்கு! ரத்தம் ஒன்றுதான், வாழ்க்கைதான் வேறு.

ஜேம்ஸ் நீலே கடைசிக் காலத்தில் இதை ஒப்புக்கொண்டார். அவர் 2000-இல் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான கட்டுரையில், ஒதுக்கீட்டு நிலங்களில் வாழும் இந்தியர்களின் சர்க்கரை வியாதிக்கு இனத்தின் ரத்தத்தை மட்டும் காரணமாகச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை, வாழ்க்கை முறை மாறியதே பெரும் காரணம் என்று எழுதினார். தம் யூகத்தைத் தாமே திருத்திக்கொள்ளத் தயங்காதவர்தான் விஞ்ஞானி. அவர் திருத்திக்கொண்ட பிறகும் பழைய பேச்சையே விற்பவர்களை என்னவென்று சொல்வது?

அப்படியானால் மரபணுவே பொய்யா? இல்லை, தோழர்களே. இங்கே நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மரபணு விஞ்ஞானமே முதலாளிகளின் சரக்கு என்று சோவியத் நாட்டில் 1948-இல் லைசென்கோ கூட்டத்தார் அதைத் தள்ளிவைத்தார்கள். அதற்கு முன்பே வாவிலோவ் என்னும் பெரும் விஞ்ஞானி கைதாகி 1943-இல் சிறையில் மடிந்தார். அது பெரும் தவறு. விஞ்ஞானத்துக்கும் நஷ்டம், உழைப்பாளி மக்களுக்கும் நஷ்டம். அந்தத் தவறை மறுபடி செய்யக் கூடாது.

பரம்பரைக்குப் பங்கு உண்டு. 2006-இல் ஐஸ்லாந்து விஞ்ஞானிகள் சர்க்கரை வியாதிக்கு இடம் கொடுக்கும் ஒரு முக்கியமான மரபணுவைக் கண்டார்கள். அது நம் நாட்டு மக்களிடமும் வேலை செய்கிறது என்று 2007-இல் ஹைதராபாத் விஞ்ஞானிகள் காட்டினார்கள். 2024-இல் வெளியான பெரிய ஆராய்ச்சியில் இப்படி 600-க்கு மேற்பட்ட இடங்கள் தெரியவந்திருக்கின்றன. பெரும்பாலானவை ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆபத்தைக் கூட்டுகின்றன. நீல் தேடிய ‘சிக்கன’ மரபணு தனியொன்றாக எங்கும் அகப்படவில்லை. சமோவாத் தீவு மக்களிடம் 2016-இல் கண்ட ஒரு மரபணு மாற்றம் உடல் எடையைக் கூட்டுகிறது; ஆனால் சர்க்கரை வியாதியைக் குறைக்கிறது! சங்கதி அவ்வளவு சுலபமானதல்ல.

மரபணு என்பது காய்ந்த வைக்கோல் போர். பக்கத்தில் நெருப்பு வைத்தவன் யார் என்று கேட்காமல், வைக்கோல் ஏன் எரிந்தது என்று மட்டும் கேட்பது என்ன நியாயம்?

நெருப்பை விலக்கினால் போர் எரியாது என்பதற்கும் அத்தாட்சி உண்டு. சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நின்றவர்களிடம் அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனை நடத்தி 2002-இல் முடிவு வெளியிட்டார்கள். உணவைச் சீர்படுத்தி, உடலுக்கு வேலை கொடுத்தவர்களிடம் வியாதி 100-க்கு 58 பங்கு குறைந்தது. மாத்திரை கொடுத்தவர்களிடம் 31 பங்குதான் குறைந்தது. சென்னை வைத்தியர்கள் நடத்திய சோதனையிலும் உணவு, உடற்பயிற்சி மாற்றத்தால் வியாதி 28 பங்குக்கு மேல் குறைந்தது. அதன் முடிவு 2006-இல் வெளிவந்தது.

நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. இங்கேயும் “இந்தியன் உடம்பே அப்படி” என்ற பேச்சு கேட்கிறது. “நட, ஓடு, காய்கறி தின்னு” என்று உபதேசமும் கேட்கிறது. உபதேசம் சரிதான். ஆனால் ராத்திரி ஷிப்ட் முடிந்து கண் எரிய வரும் மில் தொழிலாளி எப்போது நடப்பான்? ராத்திரி ஷிப்டே இந்த வியாதியின் ஆபத்தைக் கூட்டுகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றனவே! நாள் முழுதும் நாற்று நட்ட பெண்ணிடம் நடக்கச் சொல்வதில் அர்த்தம் என்ன? அவளிடம் இல்லாதது நடை அல்ல; பருப்பும் காயும் கீரையும் வாங்கும் கூலி! ரேஷன் அரிசி வயிற்றை நிரப்பும். அரிசி ஒன்றே உணவாகிவிடுமா?

ஆகவே நாம் செய்ய வேண்டியது இரண்டு. தாய் தகப்பனுக்குச் சர்க்கரை இருந்தால், முப்பது வயதானதும் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். பரம்பரை என்பது எச்சரிக்கை மணி. மரண சாசனம் அல்ல. இது ஒவ்வொருவரும் தமக்குச் செய்ய வேண்டியது. மற்றது எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டியது. ரேஷனில் பருப்பும் சிறுதானியமும், மில்லில் நேரத்துக்குச் சாப்பாட்டு இடைவேளை, ஷிப்டுக்கு ஒழுங்கு, கிராமத்து ஆஸ்பத்திரியில் தட்டில்லாமல் மருந்து. இவை சலுகை அல்ல, வைத்தியம்! கோரிக்கைப் பட்டியலில் கூலிக்குப் பக்கத்தில் இவற்றையும் எழுதுங்கள்.

பீமா மக்கள் தலைமுறைகளாகத் தண்ணீருக்காக வழக்காடினார்கள். 2004-இல் அமெரிக்கப் பாராளுமன்றம் சட்டம் போட்டு ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர் அடித் தண்ணீர் அவர்களுக்கு உரியது என்று ஒப்புக்கொண்டது. நம் கணக்கில் ஏறத்தாழ 28 டி.எம்.சி. நூறு ஆண்டுக்கு மேல் கழித்து வந்த நியாயம்! ஒரு தலைமுறையின் கண்ணும் காலும் சிறுநீரகமும் திரும்பி வரவில்லை. ஆனால் வாய்க்காலில் மறுபடி தண்ணீர் ஓடுகிறது.

ரத்தத்தைக் குறை சொல்லிக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருந்தால், அந்த வாய்க்காலிலும் தண்ணீர் வந்திருக்காது.