'வெள்ளம்' என்றால் என்ன என்று எந்திரத்துக்கு யார் சொல்வது?

பாறசாலையில் ஒருவர் "வீட்டில் வெள்ளம் இல்லை" என்று சொன்னால், குடிக்கத் தண்ணீர் இல்லை என்று பொருள். சென்னையில் அதே தொடரைக் கேட்பவர், மழைநீர் வீட்டுக்குள் புகவில்லை என்று ஆறுதல் கொள்வார். ஒரு முறையீடு நற்செய்தியாக மாறிவிடுகிறது. மனிதர்களிடையே இக்குழப்பம் ஒரு சிரிப்போடு தீர்ந்துவிடும். மக்களின் குறைகளைத் தரம்பிரிக்கும் வேலை எந்திரத்திடம் ஒப்படைக்கப்பட்டால் அவ்வளவு எளிதாகத் தீராது.

செயற்கை நுண்ணறிவில் 'அறிவு உருவமைப்பு' என்ற துறை இச்சிக்கலை நேராக எதிர்கொள்கிறது. ஒரு துறையில் என்னென்ன பொருள்கள் உள்ளன, அவற்றுக்கிடையே என்ன உறவு என்பதைக் கணினி கையாளும் வடிவில் எழுதிவைப்பதே அதன் பணி. தொடக்கநிலை மாணவருக்கு ஏற்ற மென்பொருள், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவான 'புரோட்டேஜே'. அது இலவசமானது, நிரல் எழுதத் தெரியாதவரும் பழகலாம்.

அதில் முதல் பாடம், சொல்லையும் கருத்தையும் பிரிப்பது. 'குடிநீர்' ஒரு வகுப்பு. 'பெருவெள்ளம்' வேறொரு வகுப்பு. ஒன்றில் அடங்குவது மற்றொன்றில் அடங்காது என்று அறிவிக்கலாம். பிறகு 'வெள்ளம்' என்ற பெயரை இரண்டுக்கும் சூட்டலாம். ஒரே நிகழ்வை யாரேனும் இரு வகுப்புகளிலும் சேர்த்துவிட்டால், உடன் இயங்கும் ஊகப்பொறி முரண்பாட்டைச் சுட்டிக்காட்டும். 'சக்கை'யும் அப்படியே. தெற்கே அது பலாப்பழம். வடக்கே, சாறு பிழிந்தபின் எஞ்சும் கழிவு.

இரண்டாம் பாடத்தில்தான் விவாதம் தொடங்குகிறது. இணையக் கூட்டமைப்பான டபிள்யூ3சி 2009இல் பரிந்துரைத்த 'ஸ்கோஸ்' நெறிமுறையின்படி, ஒரு கருத்துக்கு ஒரு மொழியில் ஒரே ஒரு முதன்மைப் பெயர்தான் இருக்கலாம். மற்றவை மாற்றுப் பெயர்கள். 'மரவள்ளிக்கிழங்கு' முதன்மையானால் 'மரச்சீனி' மாற்றுப் பெயராகிவிடும். குமரி மாவட்டத்தாரும் திருவனந்தபுரத்தாரும் ஒருங்கே வழங்கும் சொல் அது. அதைத் தமிழ் என்று குறிப்பதா, மலையாளம் என்று குறிப்பதா? இரண்டு குறியீடுகளோடும் இருமுறை பதியலாம் என்று மென்பொருள் விடை தரும். ஆனால், அப்படிப் பதிய வேண்டும் என்று அறிந்த ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும்.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம் முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு வட்டங்களைப் பிரித்தது. களியக்காவிளையிலிருந்து பாறசாலைக்குச் செல்லும் பேச்சு அக்கோட்டில் நின்றுவிடவில்லை. அன்று நிலத்தில் இட்ட கோட்டை இன்று தரவிலும் இடுகிறோம். இம்முறை அது சொற்களையே பிரிக்கும்.

பெருமொழி மாதிரிகள் வந்துவிட்ட பின்னர் இவ்வுழைப்பு எதற்கு என்று கேட்கப்படுகிறது. அம்மாதிரிகள் எழுதப்பட்டதிலிருந்து கற்பவை. எல்லைக் கிராமத்துப் பேச்சு மிகக் குறைவாகவே எழுதப்படுகிறது. ஆகவே பெரும்பான்மைப் பொருளே வெல்லும். கையால் வரைந்த கருத்து வரைபடம் சிறியதுதான். ஆயினும் அதில் ஒரு முடிவை யார் எடுத்தார், ஏன் எடுத்தார் என்று பார்க்கலாம், தவறானால் திருத்தலாம்.

எனவே மொழியியல் துறைகள் பொருண்மையியல் பாடத்தில் இம்மென்பொருளையும் சேர்க்க வேண்டும். தமிழ் மாணவர் ஒருவரும் மலையாள மாணவர் ஒருவரும் சேர்ந்து, எல்லைக் கிராமங்களின் ஐம்பது சொற்களைப் புரோட்டேஜேயில் பதியட்டும். உணவு, நீர், உறவுமுறை ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் வகைப்பாட்டுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டுவது இப்பயிற்சி ஆகாது. 'அங்கிள்' என்ற ஒரே கட்டத்தில் பெரியப்பாவும் சித்தப்பாவும் தாய்மாமனும் எப்படி அடங்குவார்கள்? வகுப்புகளை அங்கே வாழ்பவர்களின் வழக்கிலிருந்து வரைய வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் அச்சொல் எந்த ஊரில், எப்பொருளில் வழங்குகிறது என்ற குறிப்பும் இருக்க வேண்டும். அக்குறிப்பு இருந்தால்தான், பாறசாலையிலிருந்து வரும் முறையீட்டை எந்திரம் முறையீடாகவே படிக்கும்.