362 ரூபாய்க்கு என்ன வாங்கினோம்?

ஒரு போன் வாங்குறதுக்கு முன்னாடி நம்ம பசங்க ஐம்பது ரிவ்யூ பார்ப்பாங்க. "கொடுக்கிற காசுக்கு வொர்த்தா மச்சி?"னு சீனியர், ஜூனியர், கேன்டீன் அண்ணன் வரை எல்லாரையும் கேட்பாங்க. ஆனா பிறந்தநாள் ட்ரீட்டுக்கு பீட்சா கடைக்குப் போகணும்னா மட்டும் அந்தக் கேள்வி யாருக்கும் வராது. பிளேஸ்மென்ட் சீசன் தொடங்கிடுச்சு. அடுத்த மூணு மாசத்துல ஒவ்வொருத்தருக்கும் குறைஞ்சது பத்து ட்ரீட் இருக்கு. அதனால இப்பவே கேட்டுடலாம்: இத்தாலியன்னு பேர் சொல்லி பீட்சா, பாஸ்தா விற்கிற சங்கிலி ரெஸ்டாரன்ட்டுக்கு நாம் கொடுக்கிற காசு வொர்த்தா?

கையில் ஒரு பில் இருந்தால் பேசுவது சுலபம். போன மாதம் ஐந்து பேர் போனோம். எந்தக் கடை என்பது முக்கியமில்லை, எல்லாம் ஒரே மாதிரிதான். மீடியம் பீட்சா இரண்டு, 918. வெள்ளை சாஸ் பாஸ்தா ஒன்று, 219. பூண்டு ரொட்டி 169. மூன்று கூல் டிரிங்க்ஸ் 180. சாக்லேட் கேக் இரண்டு, 238. மொத்தம் 1,724. அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,810. ஆளுக்கு 362 ரூபாய். அதுக்கப்புறம் ஹாஸ்டலுக்கு வந்து, ராத்திரி பத்து மணிக்கு இரண்டு பேர் பிஸ்கட் பாக்கெட் பிரிச்சாங்க என்பதையும் பதிவு செய்கிறேன்.

பொறியியல் படிக்கிறோம் என்பதால் ஒரு சின்னக் கணக்கு. மீடியம் பீட்சாவுக்கு மைதா 200 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்து ரூபாய். சீஸ் 100 கிராம், மொத்த விலையில் 50 ரூபாய். தக்காளி சாஸ், வெங்காயம், குடைமிளகாய், சோளம் எல்லாம் சேர்த்து தாராளமாக 20. ஆக 80 ரூபாய்ப் பொருள், விற்பது 459-க்கு. கிட்டத்தட்ட ஆறு மடங்கு. நாங்கள் போகிற பரோட்டா கடையில் ஒரு பரோட்டா 15 ரூபாய். அதில் மாவும் எண்ணெயும் ஆறு ரூபாய் என்று வைத்தாலும் இரண்டரை மடங்குதான். சால்னாவுக்குத் தனி பில் கிடையாது.

இந்தக் கணக்கைக் காட்டி "பார்த்தியா, கொள்ளை அடிக்கிறான்" என்று முடித்துவிடுபவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பொருளின் விலைக்கே சாப்பாடு வேண்டும் என்றால் மைதா மூட்டை வாங்கித்தான் தின்ன வேண்டும். மிச்சம் 379 ரூபாய் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் சரியான கேள்வி. மெயின் ரோட்டில் கடை வாடகை, ஏசி, அடுப்புக்குக் கரண்ட், வேலை பார்க்கிற பசங்களுக்குச் சம்பளம், விளம்பரம், பெயரைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்கக் கம்பெனிக்குப் போகும் ராயல்டி. மாவை அந்தந்தக் கடையில் பிசைவதும் இல்லை. பெரிய சங்கிலிகள் ஒரு மையச் சமையல்கூடத்தில் மாவு உருண்டை செய்து, குளிர்சாதன வண்டியில் ஊர் ஊராக அனுப்புகின்றன. நம் ஊர் கடையில் நடப்பது விரிப்பது, தூவுவது, சுடுவது மட்டும். தூத்துக்குடியிலும் டெல்லியிலும் ஒரே ருசி வருவதற்கு அதுதான் காரணம். ஒரே ருசி என்பது ஒரு வசதி, ஒத்துக்கொள்கிறேன். நம்ம பரோட்டா கடையில் மாஸ்டர் லீவு என்றால் அன்றைக்கு சால்னா வேறு மாதிரி இருக்கும்.

"இத்தாலியன்" என்ற பெயருக்காக நாம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறோம், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பீட்சா ஹட் 1958-ல் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் விச்சிட்டா என்ற ஊரில் தொடங்கியது. நம்மை மாதிரி காலேஜ் படித்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர், அம்மாவிடம் 600 டாலர் கடன் வாங்கி ஆரம்பித்த கடை. டோமினோஸ் 1960, மிச்சிகன் மாநிலம். இரண்டும் இந்தியாவுக்கு வந்தது ஒரே ஆண்டில், 1996. இன்று இந்தியாவில் டோமினோஸ் கடைகள் மட்டும் 2,000-க்கு மேல். நடத்துவது ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ் என்ற இந்தியக் கம்பெனி. இதே டோமினோஸ் 2015-ல் இத்தாலிக்குப் போய் மிலான் நகரத்தில் கடை திறந்தது. 2022-ல் எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கிளம்பிவிட்டது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது தேவைப்படவில்லை. நேப்பிள்ஸ் நகரத்தில் பீட்சா போடும் கலையை 2017-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே அது தெருவில் நின்று சாப்பிடுகிற, ஏழைகளும் வாங்குகிற பண்டமாக வளர்ந்தது. அதாவது அவங்க ஊர் பரோட்டா. நம்மிடம் வரும்போது அதற்கு கண்ணாடிக் கதவும் ஏசியும் வந்துவிட்டது.

நிஜமான இத்தாலிக்காரர்கள் நம் கடற்கரைக்கு வந்ததில்லையா? வந்திருக்கிறார்கள். வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைமுகத்தையும் முத்துக்குளிப்பையும் பற்றி எழுதி வைத்தார். 1680-ல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி, நம் மாவட்டத்துக் காமநாயக்கன்பட்டியில் தங்கிப் பணி செய்தார். அவர்தான் வீரமாமுனிவர். பள்ளியில் இங்கிலீஷ் மீடியம் படித்த எனக்கு தமிழில் ஒரு பத்தி எழுதவே நாக்கு தள்ளுது, அந்த மனுஷன் அகராதியே போட்டார்.

சாப்பாட்டிலும் ஒரு இத்தாலி நம்மிடம் இருக்கு. மக்ரூன்! அந்தச் சொல்லே 'மக்கரோனே' என்ற இத்தாலியச் சொல்லில் இருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. மாக்கரோனி பாஸ்தாவுக்கும் அதே வேர்தான். ஐரோப்பாவில் பாதாம் போடுவார்கள். இங்கே பாதாமுக்குப் பதில் முந்திரி. அந்த முந்திரியும் பிரேசிலில் இருந்து போர்ச்சுகீசியர் கப்பலில் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்ததுதான். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரித்தூள், வேறொன்றும் கிடையாது. கூம்பு மாதிரி பிழிந்து, குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுப்பார்கள். கால் கிலோ வாங்கினால் ஐந்து பேர் பங்கு போட்டும் மிஞ்சும், ஏன்னா அதில் பாதி காற்று. அந்தக் காற்றுக்குக் கொடுக்கிற காசு எனக்கு வலிக்கவில்லை.

இதைச் சொல்வதால் "நம்ம உணவு, அந்நிய உணவு" என்று பேச வருகிறேன் என்று நினைக்காதீங்க. அந்த வாதம் நம் ஊரில் நிற்காது. இது துறைமுகம். பரோட்டாவே சிலோன் போய் வந்தவர்கள் மூலமாக இங்கே வந்தது என்று சொல்வார்கள். தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தவை. வெளியில் இருந்து வந்தது என்பதால் பீட்சாவைத் தள்ளினால் சால்னாவையும் தள்ள வேண்டியிருக்கும். அது நடக்காது.

சரி, அப்போ ருசிக்கும் வயிற்றுக்கும் பார்த்தால் வொர்த் இல்லை. என் தீர்ப்பு அதுதான். வெள்ளை சாஸ் பாஸ்தாவைப் பற்றி மட்டும் தனியாக ஒரு வரி: குழைந்து போன சேமியாவில் பால்மாவு ஊற்றியதுக்கு 219 ரூபாய் யார் கேட்டாலும் கொடுக்காதீங்க.

ஆனா இதோட முடியவில்லை. எங்க கிளாஸ் பெண்களிடம் இதே கேள்வியைக் கேட்டேன். ஒருத்தி சொன்ன பதில்: "உங்களுக்கு நைட் கிளப் இருக்கு. எங்களுக்கு என்ன இருக்கு?"

வெளியூர்க்காரர்களுக்கு விளக்கம்: தூத்துக்குடியில் நைட் கிளப் என்றால் ராத்திரி பரோட்டா கடை. டான்ஸ் எல்லாம் கிடையாது, கல்லில் கரண்டி கொத்துற சத்தம்தான் மியூசிக். ஆறு ஆறரைக்கு மேல்தான் கடை சூடு பிடிக்கும். பெண்கள் ஹாஸ்டல் கேட் அதற்குள் மூடிவிடும். டே ஸ்காலராக இருந்தாலும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கேட் திறந்தே இருந்தாலும், லாரி டிரைவர்களும் ஹார்பர் ஷிப்ட் முடித்து வருகிறவர்களும் தோளோடு தோள் இடித்து உட்காரும் பெஞ்சில், மூன்று பெண்கள் போய் "அண்ணாச்சி, நாலு பொரிச்ச பரோட்டா" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட முடியுமா? கடைக்காரர் மரியாதையாகத்தான் நடத்துவார். மற்ற டேபிள்கள் பார்க்கும். சாப்பிட்டதும் எழுந்துவிட வேண்டும், பின்னால் ஆள் நிற்கும்.

பீட்சா கடையில் மதியம் மூன்று மணிக்குப் போய் ஐந்து மணி வரை உட்காரலாம். யாரும் "வேற என்னம்மா?" என்று கேட்க மாட்டார்கள். பையனும் பெண்ணும் ஒரே டேபிளில் இருந்தால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சுத்தமான பாத்ரூம் இருக்கும். அந்த 379 ரூபாயில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது. நாம் வாங்குவது பீட்சா இல்லை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டேபிள். வீட்டிலும் ஹாஸ்டலிலும் ரோட்டிலும் கிடைக்காத ஒரு டேபிளுக்கு ஒருத்தி 362 ரூபாய் கொடுக்கிறாள் என்றால், அதை வீண்செலவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பரோட்டாவை வைத்து லெக்சர் எடுக்கிற ஆண்கள் (நானும் ஆண்தான்) இந்த இடத்தில் கொஞ்சம் அமைதியாக இருக்கலாம்.

டேபிளுக்குக் காசு என்றால், காசு இல்லாதவர்களுக்கு டேபிள் இல்லை. உங்க கிளாஸிலும் ஒருத்தன் இருப்பான். எல்லா ட்ரீட்டுக்கும் "நீங்க போய்ட்டு வாங்க மக்கா, எனக்கு ரெக்கார்டு எழுதணும்" என்பான். நாலு வருஷமாக அதே ரெக்கார்டு. இங்கே பல வீடுகள் உப்பளத்தை நம்பி இருக்கின்றன. குஜராத்துக்கு அடுத்து நாட்டில் அதிகம் உப்பு எடுப்பது தமிழ்நாடு, அதில் பெரும்பகுதி நம் மாவட்டம். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலையே இருக்காது. அதற்காகத்தான் அரசு அந்த மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. எங்கள் பில்லில் ஆளுக்கு வந்த 362, வெயிலில் உப்பு வாருகிற ஒரு அம்மாவின் ஒரு நாள் கூலிக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. அந்த வீட்டுப் பையன் "நான் தரேன், வாடா" என்று சொன்னாலும் வர மாட்டான், காரணம் உங்களுக்கே தெரியும். இன்றைக்கு நீங்கள் கொடுத்தால் நாளைக்கு அவன் முறை வரும். ட்ரீட் என்று பெயர் இருந்தாலும் அது சுற்றி வருகிற கடன்.

அதனால் விலையைவிட வழக்கத்தில்தான் எனக்கு சண்டை. பிறந்தநாள் என்றால் பீட்சா, ஆஃபர் லெட்டர் வந்தால் பீட்சா, பிரேக்கப் என்றாலும் பீட்சா என்று நாமே ஒரு நுழைவுக் கட்டணம் வைத்துவிட்டோம். போக விரும்புகிறவர்கள் தாராளமாகப் போங்க. போனால் கூல் டிரிங்க்ஸ் வாங்காதீங்க, தண்ணீர் கேளுங்க, லாபம் அதிகம் வைப்பது அதில்தான். காம்போ என்று எழுதியிருந்தால் தனித்தனி விலையைக் கூட்டிப் பாருங்க. பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால், அது கட்டாயம் இல்லை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது, எடுக்கச் சொல்லுங்க.

ஆனா முழு கிளாஸும் சேர வேண்டிய நாளை அங்கே வைக்காதீங்க. முத்துநகர் பீச் இருக்கு, ரோச் பூங்கா இருக்கு. நாலு மணிக்குக் கடற்காற்று வந்துவிடும், ஏசிக்கு வேலை இல்லை. அரை கிலோ மக்ரூன், ஆளுக்கு ஒரு டீ. ஆறு மணிக்குள் எல்லாரும் கேட்டுக்குள் போய்விடலாம், ரெக்கார்டு எழுதுகிறவனும் வருவான். பாத்ரூம் பிரச்சினைக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. பீச் பக்கம் பெண்கள் தயங்காமல் போகிற மாதிரி ஒரு கழிப்பறை வேண்டும் என்று மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன், கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் மெக்கானிக்கல் பிளாக் முதல் மாடிக்கு வாங்க. ஆறு பேர், ஆணும் பெண்ணும், இரண்டு மணி நேரம், ஆளுக்கு நூறு ரூபாய்க்குள் உட்காரக்கூடிய இடம் நம் ஊரில் வேறு எங்கே இருக்கு என்று தெரிந்தால் அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க. பிளேஸ்மென்ட் ரிசல்ட் வருவதற்குள் லிஸ்ட் வேண்டும்.