விமானிக்குச் சம்பளம் மட்டும் போதுமா?

விமானி உரிமம் வாங்கி வரும் பிள்ளைகளுக்கு வீட்டிலும் பயிற்சிப் பள்ளியிலும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "எவன் அதிகம் தர்றானோ அங்கே சேரு. பெரிய கம்பெனின்னா பயமில்லை. பிடிக்கலைன்னா மாறிக்கலாம்." இந்த மூன்றும் இந்தியாவிலேயே பொய்த்துப்போனவை.

முதலில் சம்பளம். மாதம் இத்தனை லட்சம் என்றதும் வாயைப் பிளக்கிறோம். எத்தனை மணி நேரத்துக்கு அந்தப் பணம் உறுதி என்று கேட்பதில்லை. விஸ்தாரா விமான நிறுவனத்தின் பழைய ஒப்பந்தத்தில், பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் 70 மணி நேரத்துக்கான பணம் உறுதி. ஏர் இந்தியாவோடு இணைவதை ஒட்டி 2024-ல் வந்த புதிய ஒப்பந்தம் அதை 40 ஆக்கியது. கூடுதலாகப் பறந்தால் கூடுதல் காசாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பறப்பது விமானியின் கையிலா இருக்கிறது? பிராட் அண்ட் விட்னி எஞ்சின் கோளாறால் இண்டிகோவின் விமானங்கள் மாதக்கணக்கில் தரையில் நின்றன. அப்படியொரு மாதத்தில் ஒருவருக்கு 45 மணி நேரம்தான் கிடைத்தது என்று வையுங்கள். பழைய ஒப்பந்தத்தில் 70-க்குப் பணம், புதியதில் 45-க்கு. வீட்டுக்கடன் தவணை மட்டும் குறையாது. 2024 ஏப்ரலில் விஸ்தாரா விமானிகள் பலர் ஒரே சமயத்தில் உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்ததற்கும், நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தானதற்கும் இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

பெரிய கம்பெனி கைவிடாது என்பது அடுத்த நம்பிக்கை. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில். இரண்டிலும் கடைசி மாதங்களில் விமானிகள் சம்பளமில்லாமல்தான் பறந்தார்கள். கோ ஃபர்ஸ்ட்டின் உரிமையாளர்கள், 1736-ல் கப்பல் கட்டத் தொடங்கிய வாடியா குடும்பத்தார். அந்தப் பழம்பெருமையாலும் 2023 மே மாதத்துக்குப் பிறகு ஒரு விமானத்தையும் பறக்கவிட முடியவில்லை. வளைகுடா நிறுவனங்கள் மட்டும் என்ன? 2020-ல் எமிரேட்ஸ் நூற்றுக்கணக்கான விமானிகளை வீட்டுக்கு அனுப்பியது.

பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாமா? கேப்டன் ஒரு வருட நோட்டீஸ் தர வேண்டும், கோ-பைலட் ஆறு மாதம். 2017-ல் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ போட்ட விதி இது. நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் 2023-ல் ஆகாசா விமான நிறுவனத்திலிருந்து 40-க்கும் மேற்பட்டோர் கிளம்பியபோது, சிலருக்கு எதிராக அந்நிறுவனம் மும்பை உயர் நீதிமன்றத்துக்கே போனது. டைப் ரேட்டிங், அதாவது குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதிக்கான பயிற்சிச் செலவுக்காகப் போட்ட பாண்ட் தனி. அதையெல்லாம் தாண்டிப் போனாலும் புதிய இடத்தில் சீனியாரிட்டி பட்டியலின் அடியில்தான் பெயர் ஏறும். எந்த ஊர் பேஸ், தீபாவளிக்கு யாருக்கு லீவு என்பதிலெல்லாம் பல இடங்களில் அந்தப் பட்டியலின் கைதான் ஓங்கியிருக்கும். கோ-பைலட்டுக்கு இதைவிடப் பெரிய இழப்பு, கேப்டனாகும் வாய்ப்பு தள்ளிப்போவது. இன்று கூடுதலாகக் கிடைக்கும் சில பத்தாயிரங்கள் அதற்கு ஈடாகுமா?

65 வயது வரம்பை நெருங்கும் கேப்டன் பணத்தை மட்டும் பார்த்தால் தப்பில்லை. அவருக்கு இனி சீனியாரிட்டி எதற்கு? 25 வயதுக்காரர் அப்படிப் பார்க்க முடியாது.

கையெழுத்துப் போடுமுன் அந்த நிறுவனத்தில் இப்போது பறக்கும் இரண்டு கோ-பைலட்டுகளைப் பிடியுங்கள். கடைசி மூன்று மாத ரோஸ்டரையும், சம்பளம் எந்தத் தேதியில் வங்கிக்கு வந்தது என்பதையும் காட்டச் சொல்லுங்கள்.