இருளர் குடத்தில் என்ன இருக்கிறது?

பாம்பு கடித்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றால் விஷமுறிவு ஊசி போடுகிறார்கள். அந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருபவர்கள் யார் தெரியுமா? இருளர்கள்! வடநெம்மேலியில் இயங்கும் அவர்களது கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தோன்றியது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருளர் இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருதே வழங்கினார்கள். வழங்க வேண்டியதுதான், மகிழ்கிறோம். ஆனால், நாட்டுக்கே உயிர்மருந்து தரும் அந்தச் சமூகத்துக் குழந்தை, குடிக்கக் கூடாத நீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடக்கிறதே, அதற்கு என்ன பட்டம் சூட்டுவது?

பெரியபாளையத்தை நம் தோழர்கள் அறிவார்கள். ஆடி மாதம் வந்தால் பவானியம்மன் கோயிலைச் சுற்றி மக்கள் வெள்ளம். பக்கத்திலே ஆரணியாறு. அங்கே மக்கள் வெள்ளம் வருகிறதே தவிர, தண்ணீர் வெள்ளம் மழை மாதங்களில் எட்டிப் பார்த்தால் உண்டு. மணலை அள்ளி, ஆழ்குழாய் போட்டு உறிஞ்சி, ஆற்றின் மடியை வற்றடித்துவிட்டார்கள்.

யாருக்காக உறிஞ்சினார்கள்? தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் ஆகிய இடங்களில் 1960-களின் கடைசியிலிருந்தே ஆழ்கிணறுகள் போட்டு, சென்னை நகரத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் நீர் கொண்டு போனார்கள். பின்னர் பெரியபாளையத்தை அடுத்த கன்னிகைப்பேரும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. மீஞ்சூர்ப் பக்கம் இறைத்த இறைப்பில் கடல்நீரே நிலத்தடியில் பல கிலோ மீட்டர் உள்ளே வந்துவிட்டது. பூண்டி நீர்த்தேக்கம் இந்த மாவட்டத்தில். 2020-ல் திறந்த கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கமும் இந்த மாவட்டத்தில். இரண்டும் சென்னையின் தாகம் தீர்க்க! நகரத்துத் தொழிலாளியும் நம்மவன்தான். அவன் குடிப்பதை நாம் குறை கூறவில்லை. 2019-ல் சென்னை வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நல்ல காரியம். ஆனால் ஏரிக்கரை இருளர் குடியிருப்புக்கு ரயில் வேண்டாம், ஒரு குழாய் போதுமே, அது ஏன் வரவில்லை என்றுதான் கேட்கிறோம்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி திருவள்ளூர் மாவட்டத்தில் பழங்குடியினர் சுமார் 47 ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோர் இருளர். ஏரிப் புறம்போக்கிலும், செங்கல் சூளை ஓரத்திலும், அரிசி ஆலைக்குப் பின்னாலும் குடிசை போட்டவர்கள். பட்டா இல்லை. பட்டா இல்லாத குடிசை கணக்கில் வீடு இல்லை. வீடு இல்லாத இடத்துக்குக் குழாய் எதற்கு? எவ்வளவு அழகான தர்க்கம், பாருங்கள்!

நீர் இல்லையென்றால் நாக்கு மட்டும் வறளும் என்று எண்ணிவிடக் கூடாது. குட்டை நீரைக் குடிக்கும் குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. அது நின்றாலும் குடல் தேறுவதில்லை. உண்ட சோறு உடம்பில் ஒட்டுவதில்லை. இரண்டாவது வயதில் தவறிய வளர்ச்சியைப் பத்தாவது வயதில் சத்துணவு போட்டு ஈடுகட்ட முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இலவசமாகவே தருகிறார்கள். ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கலக்கு என்று அதன்மேல் அச்சிட்டிருக்கிறது. அந்த ஒரு லிட்டருக்குத் தாய் எங்கே போவாள்?

அவள் கதை இன்னும் கொடியது. ஒதுங்க மறைவிடம் இல்லை, கழுவ நீர் இல்லை என்பதால் பகலெல்லாம் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறாள். நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வருகின்றன. உவர்நீரைக் குடிக்கும் கர்ப்பிணிகளுக்கு இரத்தக் கொதிப்பு ஏறுவதை வங்கதேசக் கடலோர ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சூளை நெருப்பருகே நாள் முழுதும் வேர்க்கும் ஆணுக்குச் சிறுநீரகம் கெடுகிறது. குளிக்க நீர் போதாத வீட்டில் சொறிசிரங்கு போவதில்லை. அபூர்வமாகக் கிடைத்த நீரைப் பானையில் சேர்த்து வைத்தால் அதிலே டெங்குக் கொசு! இதையெல்லாம் பார்த்துவிட்டு, "சுத்தம் தெரியாத ஜனங்கள்" என்று சொல்லும் கனவான்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள்.

2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்கிறது. நகரத்தானுக்கு அரசு வகுத்த அளவு 135. உடம்பு ஒன்றுதான், அளவுதான் இரண்டு. அந்த 55-ஆவது இருளர் வாசலுக்கு வந்ததா? தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று மத்திய அரசே பெயர் குறித்த ஆறு சமூகங்களில் இருளரும் ஒன்று. அத்தகையோருக்கு வீடும் குடிநீரும் தர, 2023 நவம்பரில் 24 ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றும் அறிவித்தார்கள்.

பணக்கார நாடுகளிலும் பூர்வகுடிகள் கதி இதுதான். கனடாவில் நெஸ்காண்டகா பழங்குடி ஊரில் 1995-ல் "காய்ச்சாமல் குடிக்காதே" என்று எச்சரித்தார்கள். கால் நூற்றாண்டு கடந்தும் அந்த எச்சரிக்கை எடுபடவில்லை. அமெரிக்க நவாஹோ மக்கள் வழக்காடினார்கள். நீர் கிடைக்க வழிசெய்யும் கடமை ஒப்பந்தப்படி அரசுக்கு இல்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைத் தோழர்களே! உங்கள் ஷிப்டு பஸ் போகும் பாதையோரத்தில் இருக்கின்றன அந்தக் குடிசைகள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று ஊராட்சிதோறும் கிராம சபை கூடும். எல்லாபுரம் ஒன்றியத்திலும் கும்மிடிப்பூண்டி ஒன்றியத்திலும் உள்ள தோழர்கள் அதற்கு முன்பே இருளர் குடியிருப்புகளுக்குச் சென்று, எத்தனை வீடு, எத்தனை குழாய், எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், எத்தனை பேருக்குப் பட்டா இல்லை, ஜாதிச் சான்றிதழ் இல்லை என்று கணக்கெடுங்கள். குடிநீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இருளர் பெண்களைச் சபைக்கு அழைத்து வந்து முன் வரிசையில் உட்காரவைத்து, அவர்கள் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள். தீர்மானம் எழுதும்வரை எழுந்திருக்க வேண்டாம்.