நூறு கிராமும் எங்கட பொடியன்களும்



பாடசாலை விளையாட்டுப் போட்டிக் காலம் நெருங்கும்போது, மல்யுத்தம், குத்துச்சண்டை, ஜூடோ, தைக்வொண்டோ செய்கிற பிள்ளைகளை வகுப்பில் பார்த்தவுடனேயே எங்களுக்கு விளங்கிவிடும். உதடு வெடித்திருக்கும். கண் உள்ளே போயிருக்கும். இன்டர்வலுக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கமாட்டான். கேட்டால், "வெய்ட் குறைக்கிறேன் சேர்" என்று பெருமையாகச் சொல்வான். பின்னேரம் பார்த்தால் டீ-சேர்ட்டுக்குள் கறுப்புப் பொலித்தீன் பை, அதற்கு மேல் ஜக்கெட், அந்தக் கோலத்தில் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பான். எம்பிலிப்பிட்டிய வெயில் எப்படிப்பட்டது என்று இதை வாசிக்கிற உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்றாலே சேர்ட் நனைந்துவிடும்.

நாங்கள் சில ஆசிரியர்கள் இதைப்பற்றி அடிக்கடி பேசிக்கொள்கிறோம். ஸ்டாஃப் ரூமில் பேசி முடித்துவிட்டால் வீடுகளுக்குப் போய்ச் சேராது. அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

கணக்கு லேசானது. 48 கிலோ இருக்கிற பொடியன் தன் நிறைக்குரிய பிரிவில் மோதினால், எதிரில் வருகிறவனும் அவனைப் போலத்தான் இருப்பான். எப்படியாவது 45க்கு இறங்கிவிட்டால் தன்னைவிடச் சிறிய ஒருவன் கிடைப்பான். நிறை பார்த்து முடிந்ததும் குடித்து, தின்று பழைய நிறைக்கு வந்துவிடலாம். இப்படித்தான் யோசிக்கிறார்கள். எதிரில் நிற்கிறவனும் 48இலிருந்து இறங்கி வந்தவன்தான் என்பதை ஒருவரும் யோசிப்பதில்லை. எல்லோரும் குறைத்தால் யாருக்கும் இலாபம் இல்லை. கடைசியில் இரண்டு காய்ந்துபோன பிள்ளைகள்தான் ஒருவரோடு ஒருவர் மோதுகிறார்கள்.

இரண்டு நாளில் இறங்குகிற மூன்று கிலோ கொழுப்பு அல்ல. ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். இரண்டு நாளில் மூன்று கிலோ கொழுப்பைக் கரைக்க யாராலும் முடியாது. போவதில் பெரும்பகுதி தண்ணீர். 48 கிலோவில் மூன்று கிலோ என்றால் உடல் நிறையில் நூற்றுக்கு ஆறு பங்குக்கும் மேல். தண்ணீர் குறையும்போது இரத்தத்தின் அளவும் குறைகிறது. குறைந்த இரத்தத்தை உடம்பு முழுக்க அனுப்ப இதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. வேர்க்கத் தண்ணீர் போதாததால் உடம்புச் சூடு இறங்காமல் ஏறுகிறது. சிறுநீரகம் திணறுகிறது. உப்புகளின் அளவு குழம்பினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். இந்த நிலையில்தான் பிள்ளையைத் தலையில் அடிபடுகிற விளையாட்டுக்கு இறக்குகிறோம்.

வினேஷ் போகாட்டின் கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக், பெண்கள் மல்யுத்தம், 50 கிலோ பிரிவு. ஆகஸ்ட் 6ஆம் திகதி ஒரே நாளில் மூன்று பேரை வென்றார். முதலாவதாக வென்றது ஜப்பானின் யுய் சுசாகியை, டோக்கியோவில் தங்கம் வென்றவர். அன்று காலை வினேஷின் நிறை சரியாக இருந்தது. ஆனால் போட்டிகளுக்கிடையில் குடித்ததும் சாப்பிட்டதும் சேர்ந்து, இரவாகும்போது 2.7 கிலோ கூடிவிட்டது. மல்யுத்தத்தில் இரண்டாம் நாள் காலையிலும் நிறை பார்ப்பார்கள். இரவு முழுக்கத் தூங்காமல் ஓடி வேர்வை சிந்தினார். முடியை வெட்டினார்கள், உடுப்பைக் குட்டையாக்கினார்கள். காலையில் 100 கிராம் கூட. தகுதிநீக்கம். அதுவரை வென்றதும் இல்லை என்றாகி, பட்டியலில் கடைசி இடம். உடம்பில் நீர் வற்றிச் சேலைன் ஏற்ற வேண்டியிருந்தது. மறுநாள் ஓய்வை அறிவித்தார். மேன்முறையீட்டை விளையாட்டு நடுவர் நீதிமன்றம் ஆகஸ்ட் 14ஆம் திகதி தள்ளுபடி செய்தது.

அந்த நேரம் இங்கேயும் எல்லோரும் அந்த 100 கிராமைப் பற்றியே பேசினார்கள். சதி என்றார்கள், ஈவிரக்கம் இல்லாத விதி என்றார்கள். எங்களுக்கு யோசிக்கத் தோன்றியது 100 கிராமைப் பற்றி அல்ல, அதற்கு முந்தின கிலோக்களைப் பற்றி. வினேஷ் டோக்கியோவில் மோதியது 53 கிலோவில். அந்தப் பிரிவுக்கு இந்தியாவில் வேறொருவர் தெரிவானதால் 50க்கு இறங்கினார். வழமையான நிறை அதைவிடப் பல கிலோ கூட. 2016இல் ரியோவுக்கான தகுதிப் போட்டி ஒன்றில் 48 கிலோ பிரிவில் 400 கிராம் கூடியதற்காக அப்போதும் வெளியே போனவர். உலகத்தில் மிகத் திறமையான ஒரு வீராங்கனை, வைத்தியரும் உணவு ஆலோசகரும் பக்கத்தில் இருந்தும், இப்படி மாட்டிக்கொண்டார். எங்கள் ஊர்ப் பொடியனுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

அதே பாரிஸில் இன்னொன்றும் நடந்தது. அமன் செஹ்ராவத், 21 வயது, 57 கிலோ பிரிவு. அரையிறுதிக்குப் பிறகு நிறை 61.5 கிலோ. ஏறத்தாழ பத்து மணித்தியாலத்தில் 4.6 கிலோ குறைத்து, வெண்கலமும் வென்றார். 'மனவுறுதி' என்று ஊரெல்லாம் கொண்டாடியது. செய்தது வினேஷ் செய்த அதே வேலைதான். தராசு காட்டியதில்தான் வித்தியாசம். 2025 செப்டெம்பரில் ஸாக்ரெப் உலகச் சாம்பியன்ஷிப்பில் அதே அமன் 1.7 கிலோ கூடி, ஒரு போட்டிகூட ஆடாமல் திரும்பினார்.

பதக்கம் போனால் போகட்டும், அடுத்த முறை எடுக்கலாம். உயிர் போன கதைகளும் உண்டு. 1997 நவம்பரிலும் டிசம்பரிலும் அமெரிக்காவில் மூன்று பல்கலைக்கழக மல்யுத்த வீரர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். மூவரும் வேர்வை வெளியேறாத உடுப்புப் போட்டு, சூடான இடத்தில் பயிற்சி செய்து நிறை குறைத்துக்கொண்டிருந்தவர்கள். இங்கே பொலித்தீன் பை செய்கிற அதே வேலை. 2015 டிசம்பரில் மணிலாவில் யாங் ஜியான் பிங் என்ற 21 வயது சீன வீரர் நிறை குறைக்கும்போது விழுந்து, மௌத்தாகிவிட்டார். கூண்டுக்குள் அடிபட்டு இறக்கவில்லை. கூண்டுக்குள் போகவே இல்லை.

எங்கள் இளைஞர்களின் ஃபோன் வோல்பேப்பரில் இருக்கிற கபீப் நுர்மகமெடோவுக்கும் இது நடந்திருக்கிறது. 2017 மார்ச்சில் லாஸ் வேகாஸில் பட்டத்துக்கான சண்டை. நிறை குறைக்கும்போது சுகமில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போக, சண்டையே ரத்தானது. அவருடைய தோழர் இஸ்லாம் மகச்சேவைப் பாருங்கள். 70 கிலோ பிரிவில் பட்டம் வைத்திருந்தவர், 2025இல் அதை விட்டுவிட்டு 77 கிலோவுக்கு மேலே ஏறி, நவம்பரில் அங்கேயும் பட்டம் வென்றார். கபீபின் கிளிப்புகளைப் பார்க்கிற பொடியன்கள் இதையும் பார்க்கட்டும்.

"நோன்பு பிடிக்கிற பிள்ளைக்குத் தண்ணீர் இல்லாமல் இருப்பது பெரிய விசயமா?" என்று ஒரு வாப்பா எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். நோன்பில் சஹர் இருக்கிறது, மஃரிபுக்குக் கஞ்சி இருக்கிறது. நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை இருக்கிறது. யாரும் பொலித்தீன் சுற்றிக்கொண்டு உச்சி வெயிலில் ஓடுவதில்லை. இரண்டையும் ஒன்றாக்குவது நோன்புக்கும் மரியாதை இல்லை. உடம்பு அமானிதம் என்று பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுக்கிறவர்கள் நாங்கள்தானே.

பயிற்றுவிப்பாளர்களை மட்டும் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. பலர் சொந்தக் காசில் பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிப்போகிறவர்கள். அவர்களுக்கும் மேலிருந்து பதக்கக் கணக்குக் கேட்கிறார்கள். வீட்டிலும் ஆசை இருக்கிறது. தேசியமட்டச் சான்றிதழ் ஒன்று இருந்தால் நாளைக்குப் பொலிஸுக்கோ இராணுவத்துக்கோ போக உதவும் என்று பெற்றோர் நினைப்பதில் பிழை இல்லை. ஆனால் 14, 15 வயது என்பது உயரமும் எலும்பும் வளர்கிற காலம். போன வருசம் 45 கிலோ இருந்த பிள்ளை இந்த வருசம் 50 இருந்தால் அது வளர்ச்சி. அதைப் பிழையாகப் பார்த்துக் குறைக்கச் சொல்வது, காற்சட்டை கட்டையாகிவிட்டது என்று காலை வெட்டுவது மாதிரி.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. அந்த மூன்று மரணங்களுக்குப் பிறகு அமெரிக்காவில் பல்கலைக்கழக மட்டத்தில் நீராவி அறையையும் இறப்பர் உடுப்பையும் தடை செய்தார்கள். நிறை பார்க்கும் நேரத்தைப் போட்டிக்குக் கிட்டக் கொண்டுவந்தார்கள். அங்கே பாடசாலைகளில், பருவம் தொடங்கும்போதே சிறுநீரைச் சோதித்து, உடம்பில் தண்ணீர் போதுமா என்று பார்த்த பிறகுதான் பிள்ளைக்கு எந்தப் பிரிவு என்று முடிவெடுக்கிறார்கள். ஒரு கிழமைக்கு உடல் நிறையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்க விடுவதில்லை. யாங் இறந்த பிறகு அந்தப் போட்டியை நடத்திய வன் சாம்பியன்ஷிப் நிறுவனமும் சிறுநீர்ச் சோதனையைக் கொண்டுவந்தது. இதற்குப் பெரிய செலவு இல்லை. எங்கள் பாடசாலைப் போட்டிகளிலும் இதைக் கேட்க வேண்டும். பெற்றோர் கேட்டால் அதிகாரிகளுக்குக் காதில் விழும். நாங்கள் கேட்டால் கடிதம் கோவைக்குள் போய்விடும்.

அது வரும்வரை வீட்டில் செய்யக்கூடியது இருக்கிறது. எந்தப் பிரிவில் பிள்ளையின் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள் என்று பயிற்றுவிப்பாளரிடம் கேளுங்கள். சாதாரணமாகச் சாப்பிட்டுக் குடித்து இருக்கிற நாளொன்றில் காலையில் வீட்டிலோ ஃபாமசியிலோ நிறை பாருங்கள். இரண்டுக்கும் இடையில் இரண்டு, மூன்று கிலோ வித்தியாசம் இருந்தால், பெயர்ப் பட்டியல் போவதற்கு முன்பே மேல் பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். மூத்தம்மாவின் 'தண்ணி போகிற' மாத்திரையைப் பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ள வகை, பிடிபட்டால் போட்டித் தடை. அதைவிட முக்கியம், ஏற்கெனவே நீர் வற்றிய உடம்புக்கு அது விஷம் மாதிரி. பிள்ளை வேர்க்காமல் சூடாக இருந்தால், உளறினால், நடை தடுமாறினால், போட்டி முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிராக்கிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பட்டியல் அனுப்புவதற்கு முன் நிறை பார்க்க வேண்டுமென்றால் பிள்ளையைப் பின்னேரம் பாடசாலைக்குக் கூட்டி வாருங்கள். பகல் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.