பாட்டிக்கு எந்தப் போன்? தீர்ப்பு உங்கள் கையில்!

குட்டீஸ்... வீட்டில் புது மொபைல் போன் வாங்கும் பேச்சு வந்தால், இப்போதெல்லாம் முதலில் யாரைக் கூப்பிடுகிறார்கள், கவனித்தீர்களா? உங்களைத்தான்! ''இங்க வா... எந்தப் போன் நல்லாயிருக்கும்? எவ்வளவுக்கு ரீ-சார்ஜ் பண்ணலாம்?'' என்று அப்பா கேட்கிறார், அம்மா கேட்கிறார், ஊரிலிருந்து தாத்தாகூடக் கேட்கிறார். பள்ளிக்கூடப் பையைத் தூக்கும் வயதிலேயே உங்களுக்கு நீதிபதி பதவி கிடைத்துவிட்டது.

நீதிபதிகளுக்கு ஒரு விதி உண்டு. தனக்கு லாபம் இருக்கிற வழக்கைத் தானே விசாரிக்கக் கூடாது. இப்போது நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்... பாட்டியின் போனுக்கு, ''தினம் 2 ஜி.பி. டேட்டா இருக்கிற பிளான் போடுங்கப்பா'' என்கிறீர்களே, அந்த 2 ஜி.பி.யைத் தீர்க்கப் போவது பாட்டியா? லீவு நாளில் பாட்டி வீட்டுக்குப் போய் மூலையில் உட்கார்ந்து வீடியோ பார்க்கப் போகிற நீங்கள்தானே!

போன் யார் கையில் இருக்கப் போகிறதோ, அவருடைய தேவையை மட்டும் வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இதுதான் என் கட்சி.

தேவையைக் கண்டுபிடிப்பது எப்படி? ரொம்ப சுலபம். பாட்டியின் பழைய போனில் 'கால் லாக்' இருக்கும். அதைத் திறந்து, ஒரு வாரத்தில் எத்தனை பேரிடம், எத்தனை நிமிடம் பேசியிருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்தாறு பெயருக்கு மேல் இருந்தால் ஆச்சரியம்தான்.

அந்தக் காலத்தில் இப்படி யாரும் எழுதிப் பார்க்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரியும். நம் நாட்டில் முதல் மொபைல் போன் அழைப்பு, 1995 ஜூலை 31ல், கோல்கட்டாவில் இருந்த மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசுவுக்கும், டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுக்கும் இடையே நடந்தது. அப்போது நிமிடத்துக்கு 8 ரூபாயிலிருந்து 16 ரூபாய் வரை கட்டணம். நாம் அழைத்தால் மட்டுமல்ல, நமக்கு அழைப்பு வந்தாலும் காசு! 2003ல்தான் 'வரும் அழைப்பு இலவசம்' என்றானது. 'ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால், பஸ் ஏறிட்டேன்னு அர்த்தம்' என்று மிஸ்டு காலிலேயே குடும்பம் நடத்திய காலம் அது. ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணினார்கள். இப்போது, 'அன்லிமிடெட்' என்ற ஒரு வார்த்தை வந்து, எண்ணும் வழக்கத்தையே விழுங்கிவிட்டது.

சரி, தாள் எழுதியாயிற்று. அடுத்தது கணக்கு.

கடையில் தொங்கும் அட்டையில், ரூபாயைப் பெரிதாகவும், நாட்களைச் சின்னதாகவும் போட்டிருப்பார்கள். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சின்ன எழுத்தை. பல பிளான்கள் 28 நாட்களுக்குத்தான். 28 என்றால் சரியாக நான்கு வாரம். ஒரு மாதம் அல்ல. 365ஐ 28ஆல் வகுத்துப் பாருங்கள்... 13 வரும். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம்தான். ஆனால், ரீ-சார்ஜ் பதின்மூன்று முறை!

விலை அடிக்கடி மாறும் என்பதால், கணக்குக்காக இரண்டு பிளான்களை நாமே வைத்துக்கொள்வோம். ஒன்று, 28 நாளுக்கு 224 ரூபாய். இன்னொன்று, 84 நாளுக்கு 588 ரூபாய். எது மலிவு? 'முதலாவதுதான்' என்று வாய் சொல்லும். வகுத்துப் பார்த்தால், முதலாவது நாளுக்கு 8 ரூபாய். இரண்டாவது 7 ரூபாய். ஆண்டு முழுக்கப் பார்த்தால், 350 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

அதற்காக, 84 நாள் பிளானே சிறந்தது என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அன்றாடம் கூலி வாங்கும் வீட்டில், ஒரே நாளில் 588 ரூபாயை எடுத்து வைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அங்கே 224 ரூபாய் பிளான்தான் சரி. வீட்டு நிலவரம் தெரிந்தவர்தான் நல்ல நீதிபதி.

'பாட்டிக்கு டேட்டாவே வேண்டாம். பேசினால் போதும்' என்கிறீர்களா? அதற்கும் வழி வந்துவிட்டது. பேச்சும், எஸ்.எம்.எஸ்.,சும் மட்டும் உள்ள பிளான்களைக் கட்டாயம் தர வேண்டும் என்று, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது. 'எனக்கு மாதக் கணக்குதான் புரியும்' என்பவர்களுக்காக, 30 நாள் பிளான் ஒன்றும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் போடும் பிளான் ஒன்றும் இருக்க வேண்டும் என்று 2022லேயே சொல்லிவிட்டது. ஆனால், இவையெல்லாம் விளம்பரத்தில் பளிச்சென்று வராது. ''டேட்டா இல்லாத பிளான் இருக்கா அண்ணே?'' என்று நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

போட்டுக் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. அந்த பிளான் முடியும் தேதியை, பாட்டி வீட்டுத் தினசரி காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். கெடு முடிந்தால் யாரையும் கூப்பிட முடியாது. கொஞ்ச நாளில், வருகிற அழைப்பும் நின்றுபோகலாம். ரீ-சார்ஜ் போடாமல் நீண்ட நாள் விட்டால், எண்ணே கைவிட்டுப் போய்விடும். வங்கிக் கணக்கு, கேஸ் சிலிண்டர் என்று எத்தனையோ அந்த எண்ணோடு சேர்ந்திருக்கும். நாளைக்கு அதே எண், முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போனால் என்ன ஆகும், யோசியுங்கள்!

இப்போது போனுக்கு வருவோம். பட்டன் போனைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு மரியாதைதான் வரும். ஒரு முறை சார்ஜ் போட்டால் பல நாள் தாங்கும். கரண்ட் போனால் டார்ச். எண்கள் பெரிது பெரிதாக இருக்கும். பட்டன் போனில், 5 அல்லது 9ஐ நீளமாக அழுத்தினால், அவசர உதவி எண் 112க்கு அழைப்பு போக வேண்டும் என்று 2016ல் மத்திய அரசு விதி செய்தது. (விளையாட்டுக்கு அழுத்திப் பார்த்துவிடாதீர்கள்... அங்கே நிஜமான ஆபத்தில் இருக்கும் யாராவது காத்திருப்பார்கள்!)

ஒரு எச்சரிக்கை. எல்லா சிம்மும் எல்லா போனிலும் வேலை செய்யாது. ஜியோ நிறுவனம், 2016ல் தொடங்கியபோதே 4ஜி சேவையோடுதான் தொடங்கியது, 2ஜி கிடையாது. எனவே, பழைய 2ஜி பட்டன் போனில் அந்த சிம்மைப் போட்டால், பேச்சு மூச்சு இருக்காது. அட்டைப்பெட்டியில் '4ஜி' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

விலையைவிட முக்கியம், சிக்னல். கடை வாசலில் நான்கு கோடு காட்டுவது நமக்கு எதற்கு? பாட்டியின் கட்டில் பக்கத்தில், அடுப்படியில் எத்தனை கோடு என்பதுதான் கேள்வி. பக்கத்து வீட்டுக்காரர்களிடம், எந்த கம்பெனி சிம் அங்கே நன்றாக எடுக்கிறது என்று கேளுங்கள். கம்பெனியை மாற்ற நேர்ந்தாலும், பாட்டியின் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க இந்த வசதி உண்டு. ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று அடித்து, ஓர் இடம் விட்டு, மொபைல் எண்ணை அடித்து 1900க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், அதற்கான குறியீடு வரும். பெரியவர்களை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அம்மாவின் வழக்கு வேறு. வகுப்பு வாட்ஸ் ஆப் குரூப், உறவினர் கல்யாண போட்டோ, 'குட் மார்னிங்' ரோஜாப்பூக்கள்... எல்லாம் சேர்ந்து, 'இடம் இல்லை' என்று போன் அழும். ராம் என்பது அடுப்படி மேடை. ஸ்டோரேஜ் என்பது பீரோ. மேடை சிறிதென்றால் வேலை தடுமாறும். பீரோ சிறிதென்றால் சாமான் வைக்க முடியாது. அம்மாவுக்கு எது இடிக்கிறது என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கேமராவின் மெகா பிக்சல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். லென்சும், சென்சாரும் சுமாராக இருந்தால், எண் பெரிதாக இருந்து என்ன பயன்?

பழைய போன் வாங்குவதென்றால், *#06# அடித்தால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். ஆங்கிலத்தில் 'கே.ஒய்.எம்.' என்று அடித்து, இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு அனுப்பினால், அந்தப் போனின் ஜாதகம் தெரிந்துவிடும். பில் இல்லாத போன் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

''சரி, எங்களுக்கு?'' என்கிறீர்களா? 18 வயது ஆகாதவர் பெயரில் சிம் கிடையாது. ஆக, உங்கள் போன் என்பது அப்பா, அம்மா பெயரில் உள்ள போன்தான். டியூஷன் முடிந்ததும், 'வந்து கூட்டிட்டுப் போங்க' என்று சொல்ல பட்டன் போன் போதும். கேம் விளையாட ஆசையாக இருந்தால், ''கேம் விளையாட ஆசையா இருக்குப்பா'' என்றே கேளுங்கள். 'படிப்புக்கு வேணும்' என்று சொல்லி வாங்காதீர்கள்.

மறுபடி பாட்டியிடமே வருகிறேன். நீங்கள் தாளோடு போய் உட்காரும்போது, ''எனக்கும் அந்த வாட்ஸ் ஆப் வேணும்டா கண்ணு... துபாயில இருக்கிற உன் சித்தப்பா முகத்தைப் பார்த்துப் பேசணும்'' என்று அவர் சொன்னால்? பட்டன் போன் தீர்ப்பை அங்கேயே கிழித்துப் போடுங்கள். வயதானவர்களுக்குப் பெரிய போன் எதற்கு என்று நாமாக முடிவு செய்வதும் அநியாயம்தான். ஒரு மணி நேர வீடியோ காலுக்குச் சில நூறு எம்.பி. ஆகும்; தினம் 1 ஜி.பி. தாராளம். எழுத்தைப் பெரிதாக்கி, சித்தப்பா படத்தை முதல் பக்கத்திலேயே வைத்துக் கொடுங்கள். பச்சைப் பொத்தானை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதைத் தினமும் மாலையில், சலிக்காமல் சொல்லிக் கொடுங்கள். நான்கு நாளில் பிடித்துக்கொள்வார்.